ஒன்பதில் அறுந்த நாடா

நேயர்களுக்கு வணக்கம். பத்து நிமிடம் பேசுங்கள், உங்களுக்கு ரொம்பப் பிடித்த விஷயமாக இருக்கட்டும் என்று நிலையத்தில் சொன்னார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது சண்டை. பயப்பட வேண்டாம், பாட்டுச் சண்டைதான். எந்தக் குழு உசத்தி, எந்தக் குழு சும்மா பூச்சாண்டி காட்டுகிறது என்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து போடுகிற சண்டை. நம்முடையது பட்டிமன்ற ஊர், இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நாங்கள் சண்டை போட்டது இங்கிலீஷ் பாட்டுக்கு. அதிலும் 1969-ஐ ஒட்டி இங்கிலாந்தில் கிளம்பிய புரோகிரசிவ் ராக் என்ற வகைக்கு. முற்போக்கு ராக் என்று தமிழில் சொல்லிவிடலாம், ஆனால் மதுரையில் அப்படிச் சொன்னால் மாநாடு எந்த மைதானத்தில் என்று கேட்பார்கள். ரசிகர்கள் ப்ராக் என்று சுருக்கிச் சொல்வார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். மூன்று நிமிடப் பாட்டு போதாது என்று நினைத்தவர்களின் இசை அது. பழைய எல்.பி. இசைத்தட்டின் ஒரு பக்கம் இருபது நிமிடம், சில சமயம் அதற்குக் கொஞ்சம் மேலும் பிடிக்கும். அந்தப் பக்கம் முழுக்க ஒரே பாட்டை வைத்தார்கள்.

1988-ல் தல்லாகுளத்தில் ஒரு டீக்கடையில் நாங்கள் மூன்று பேர், மூன்று கட்சி. ஒருவன் எஸ் குழுவின் ஆள். எஸ் என்றால் ஆமாம் என்று அர்த்தம். அவனோ யார் எதைச் சொன்னாலும் இல்லை என்பான். இன்னொருவன் பிங்க் ஃப்ளாய்ட். நான் ஜெனிசிஸ்.

எஸ்காரனுக்கு விரல் வேகம்தான் எல்லாம். உன் பிங்க் ஃப்ளாய்டு ப்ராக்கே இல்லை, ஆமை வேகத்தில் ஒரே சுரத்தை இழுக்கிறான் என்பான். ஃப்ளாய்ட்காரன் உடனே ‘மணி’யை எடுப்பான். நம்ம ஊர் மணி இல்லை, பணம் என்று அர்த்தம். 1973-ல் வந்த ‘டார்க் சைட் ஆஃப் த மூன்’ ஆல்பத்தில் இருக்கிற பாட்டு. அந்த ஆல்பம் அமெரிக்காவின் விற்பனைப் பட்டியலில் 1988 வரை 700 வாரத்துக்கு மேல் இருந்தது என்று இன்றைக்கும் போனில் சொல்லிக் காட்டுகிறான். விற்பனைதான் அளவு என்றால் கடலை மிட்டாய்க்குத்தான் முதல் பரிசு கொடுக்க வேண்டும், அதை விடுங்கள்.

இப்போது ஒரு வேலை செய்யுங்கள். தொடையில் கை வைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டுகிறவர்கள் வேண்டாம். தகிட தகதிமி, தகிட தகதிமி. மூன்றும் நான்கும் ஏழு. மிஸ்ர சாப்பு. ‘மணி’ பாட்டு இந்த ஏழில்தான் நடக்கிறது. மேல்நாட்டு ரசிகர்கள் இதை ஒரு சாகசம் மாதிரி பேசுவார்கள். நமக்கு இது சாகசமா? கோயிலில் நாகஸ்வரம் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு ஏழு ஒரு பொருட்டே இல்லை. அதனால் சொல்கிறேன், கணக்கு கஷ்டமாக இருப்பது மட்டும் பெருமை ஆகாது. கிதார் தனியாகப் பேசுகிற இடத்தில் டேவிட் கில்மோருக்காக ஏழை விட்டுவிட்டு நாலுக்குப் போய்விடுகிறார்கள். எஸ்காரன் இதைப் பிடித்துக்கொண்டு, பார்த்தியா, முடியாமல் இறங்கிட்டான் என்பான். எனக்கு அப்படிப் படவில்லை. குறுகலான சந்துக்குள் நடந்து வந்து சித்திரை வீதியில் கால் வைத்தால் ஒரு விசாலம் தெரியுமே, அதுதான் அந்த இடம்.

சரி, என் கதைக்கு வருகிறேன். இந்தக் கதையைச் சொல்லத்தான் வந்தேன் என்று நண்பர்களுக்குத் தெரியும்.

ஜெனிசிஸ் 1972-ல் ‘ஃபாக்ஸ்ட்ராட்’ என்று ஒரு ஆல்பம் போட்டது. அதன் கடைசிப் பாட்டு ‘சப்பர்ஸ் ரெடி’. நம்ம ஊரில் ஹோட்டல் வாசலில் ‘சாப்பாடு தயார்’ என்று போர்டு வைப்பார்களே, கிட்டத்தட்ட அதுதான் தலைப்பு. 23 நிமிடப் பாட்டு. டவுன் ஹால் ரோடு பக்கம் ஒரு ரெக்கார்டிங் கடையில் 90 நிமிடக் கேசட் கொடுத்துப் பதிந்து வாங்கினேன். பக்கத்துக்கு 45 நிமிடம். ஒரு பக்கம் எஸ், மறு பக்கம் ஜெனிசிஸ். அட்டையில் பச்சை மையில் பேரெல்லாம் அழகாக எழுதிக் கொடுத்தார்கள்.

அந்தப் பாட்டில் பதினாறாவது நிமிடத்தை ஒட்டி ஒரு இடம் வரும். கீபோர்டு ஏறிக்கொண்டே போகும். ஏறி, ஏறி, இதோ உடையப்போகிறது என்கிற நேரத்தில் டக்கென்று நின்றுவிடும். அப்புறம் அமைதி.

நான் சொக்கிப்போனேன். இதுதான்டா கலை என்று டீக்கடையில் பிரசங்கம் செய்தேன். வாழ்க்கை பாதியில் அறுகிற மாதிரி பாட்டையும் அறுத்திருக்கிறான், உன் எஸ்ஸுக்கு இந்தத் துணிச்சல் வருமா என்றேன். ஒரு வருடம் பேசினேன், நேயர்களே. எஸ்காரன்கூட இந்த ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்ல முடியாமல் டீயை உறிஞ்சுவான்.

ஃப்ளாய்ட்காரனின் தாய்மாமா தவில் வித்வான். திருப்பரங்குன்றத்தில் வீடு. ஒரு நாள் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அங்கே போனோம். அவர் திண்ணையில் உட்கார்ந்து, துணி நாடாவில் பசை தடவி வலது கை விரலுக்குக் கூடு சுற்றிக்கொண்டிருந்தார். மாமா, இதைக் கேளுங்க என்று அந்த இடத்தைப் போட்டேன். அவர் கூட்டைக் கீழே வைக்கவில்லை. சுண்டுவிரல் மட்டும் தொடையில் ஆடியது. டக்கென்று நின்றதும் நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

“மேல ஓடுறவன் அவன் பாட்டுக்கு ஓடுறான். கீழ ரெண்டு பேரு ஒன்பதை விடாமப் பிடிச்சிருக்கானுங்க, நல்லா இருக்கு” என்றார். “ஆனா தம்பி, இது வாசிச்சவன் நிப்பாட்டினது இல்ல. ஆறு எண்ணிட்டு ஏழுக்குக் கை வைக்கிறேன், ஆளே இல்ல. எவனாவது ஒன்பதுல ஆறுல நிப்பாட்டுவானா? நாடா முடிஞ்சுருக்குடா.”

நாடா முடிந்திருந்தது. அந்த ஆல்பம் 51 நிமிடம். கேசட்டின் பக்கம் 45. மீதி ஆறு நிமிடம் டவுன் ஹால் ரோட்டிலேயே நின்றுவிட்டது. கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எஸ்காரன் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு திருப்பரங்குன்றம் மலையில் மோதித் திரும்பியிருக்கும்.

ஆங்கிலத்தில் அந்தப் பகுதிக்குப் பேரே ‘அப்போகலிப்ஸ் இன் 9/8’. பேரிலேயே ஒன்பது இருக்கிறது. நமக்கு அது சங்கீர்ணம். கேசட் அட்டையில் அந்தப் பேர் இல்லை, எனக்கு எண்ணவும் தோன்றவில்லை. பெயரே தெரியாத குழுவை அவர் ஒரே தடவை கேட்டு, சுண்டுவிரலால் எண்ணிச் சொல்லிவிட்டார்.

பல வருடம் கழித்து சி.டி.யில் முழுப்பாட்டும் கிடைத்தது. அந்த ஒன்பது உச்சிக்குப் போய் உடைகிறது. உடைந்ததும் பாட்டின் ஆரம்பத்தில் மெல்லப் பாடிய மெட்டு திரும்பி வருகிறது, இந்தத் தடவை முழுக் குரலில். சரணமெல்லாம் சுற்றிவிட்டுப் பல்லவிக்கு வந்து சேருகிற சுகம். நான் ஒரு வருடம் புகழ்ந்தது வீடு வந்து சேராத பாட்டை. மாமாவிடம் ஓடினேன். இருபத்து மூன்று நிமிடமும் உட்கார்ந்து கேட்டார். “சரியாத்தான் வந்து சேர்றான்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “நீளம்தான்” என்றார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே அளவுகோல். எவ்வளவு வேகம், எத்தனை கணக்கு என்று பார்ப்பதில்லை. எவ்வளவு தூரம் போனான், எப்படித் திரும்பினான் என்று பார்க்கிறேன். சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிற மல்லாரியைக் கேளுங்கள். சாகித்தியம் கிடையாது. அதே உருப்படியைக் காலத்தை மாற்றி மாற்றி வாசித்து, பழைய இடத்துக்கே கொண்டுவந்து நிறுத்துவார்கள். மல்லாரி கேட்ட காதுக்கு ப்ராக் அந்நியம் இல்லை. மறுபடி சொல்கிறேன், அந்நியமே இல்லை.

இந்த அளவுகோலில் எஸ்ஸுக்கும் ஒரு அடி உண்டு. அவர்களுடைய பாடகர் ஜான் ஆண்டர்சன் டோக்கியோவில் ஹோட்டல் அறையில் பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதையைப் படித்தார். அதில் ஒரு அடிக்குறிப்பு. சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம் என்று நம் சாஸ்திரங்களை நாலாகப் பிரித்துச் சொல்வது. ஒரு அடிக்குறிப்பை வைத்து நாலு பாட்டு, இரண்டு இசைத்தட்டு, 80 நிமிடத்துக்கு மேல். 1973-ல் வந்தது. கீபோர்டு வாசித்த ரிக் வேக்மேனுக்கே பொறுமை போய்விட்டது. மான்செஸ்டரில் கச்சேரி நடுவிலேயே கறியும் சோறும் வந்து சேர, மேடையிலேயே சாப்பிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். அடுத்த வருடம் குழுவை விட்டும் போய்விட்டார். நம் சாஸ்திரத்துக்கு மேடை போட்டு, நம் ஊர்ச் சாப்பாட்டால் கலைத்திருக்கிறார்கள். எஸ்காரனிடம் இதைச் சொன்னால், அந்த நாலாவது பாட்டை ஒழுங்காகக் கேட்டியா என்பான். கேட்டேன். அது மட்டும் வந்து சேர்கிறது, ஒப்புக்கொள்கிறேன். மற்ற மூன்றுக்கு நானும் கறி வரவழைத்திருப்பேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு விரல் காட்டுகிறார்கள். ஒரு நிமிடம்தானாம். கிங் கிரிம்சன் என்ற இன்னொரு குழுவுக்கு இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அவர்களுடைய 1969 ஆல்பத்தில் வயலின் கூட்டம் மாதிரி கேட்பது வயலினே இல்லை, மெலட்ரான் என்ற கருவி. ஒவ்வொரு கட்டைக்கும் உள்ளே ஒரு துண்டு நாடா, அழுத்தினால் எட்டு நொடி ஓடும், அப்புறம் அதுவும் டக்கென்று நின்றுவிடும். எங்கே போனாலும் எனக்கு நாடாதான் வாய்க்கிறது. அப்புறம் கனடாவின் ரஷ், மூன்றே பேர், 1976-ல் ‘2112’. சின்னப் பாட்டாகப் போடுங்கள் என்று கம்பெனி கெஞ்சியும் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு போட்டு ஜெயித்தார்கள். அதில் டிரம்ஸ் வாசித்த நீல் பியர்ட்டை மாமாவுக்குப் போட்டுக் காட்டியபோது அவர் என்ன சொன்னார் என்றால்... சரி, விரலை மடக்கிவிட்டார்கள். வணக்கம்.