இந்த இடத்தில் எந்தச் செடி பிழைக்கும்?

(காட்சி: நர்சரியில் பூத்து நிற்கும் செடி வரிசை)

வணக்கம். நர்சரியில் பூவோடு பார்த்து ஆசையாக வாங்கி வந்த செடி, இரண்டு மூன்று மாதத்தில் இலை பழுத்து நிற்கிறது. உடனே உரம் வைக்கிறோம், மருந்து அடிக்கிறோம். பல வீடுகளில் அந்தச் செடிக்கு நோயே இருக்காது. வைத்த இடம் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

பல வருடம் நின்று பூக்கிற செடிகளுக்கான வீடியோ இது. செண்டுமல்லி, கோழிக்கொண்டை எல்லாம் ஒரு பருவத்தோடு முடிந்துவிடும். இடம் தவறிப்போனாலும் நஷ்டம் பெரிதில்லை. மல்லி, வெட்சி, அரளி, செம்பருத்தி அப்படியல்ல. வைத்த இடத்திலேயே வருடக்கணக்கில் இருக்க வேண்டியவை. அதனால் செடியைத் தேர்ந்தெடுக்கும் முன்பு இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

(காட்சி: வீட்டின் வரைபடம், மேலே நகரும் சூரியன்)

முதலில் வெயில். வீட்டுக்கு வடக்குப் பக்கம் எப்போதும் நிழல் என்று குளிர்நாட்டுத் தோட்டக் குறிப்புகளில் பார்த்திருப்பீர்கள். நம் ஊருக்கு அது சரிவராது. சென்னை ஏறக்குறைய 13 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, அதையும் தாண்டி வடக்கே போய், ஆகஸ்டில்தான் திரும்பி வருகிறது. ஆக மே, ஜூன், ஜூலை மாதங்களில் வடக்குச் சுவர்தான் வெயில் வாங்கும். மார்கழியில் எல்லாம் மாறிவிடும். 20 அடி உயரச் சுவர் என்றால், நண்பகலிலேயே அதன் நிழல் வடக்கே 15 அடி வரை விழும். அப்போது தெற்குப் பக்கத்துக்கு நாள் முழுக்க வெயில்.

அதனால் ஒரே ஒரு நாள் பார்த்துவிட்டு இது வெயில் இடம், இது நிழல் இடம் என்று முடிவு செய்யாதீர்கள். கோடையில் ஒருமுறை, மார்கழியில் ஒருமுறை, காலையிலிருந்து மாலை வரை எத்தனை மணி நேரம் நேர் வெயில் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல் கிடைத்தால் மல்லி, அரளி, செம்பருத்தி, காகிதப்பூ எதையும் வைக்கலாம். மூன்று நான்கு மணி நேரம்தான் என்றால் கனகாம்பரம், நந்தியாவட்டை. அதிலும் குறைவு என்றால் பூவை மறந்துவிட்டுப் பெரணியும் வெற்றிலையும் வையுங்கள். வெற்றிலைத் தோட்டங்களான கொடிக்கால்களில் அகத்தியை வளர்த்து, அதன் நிழலில்தான் வெற்றிலைக் கொடியை ஏற்றுகிறார்கள். அந்தக் கொடிக்கு வடிகட்டிய வெளிச்சமும் ஈரக்காற்றும் வேண்டும் என்று தெரிந்து, அதை உண்டாக்கியே கொடுக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த விவசாய முறைகளில் இது ஒன்று.

மேற்குச் சுவர் பற்றி ஒரு வார்த்தை. மாலை வெயிலில் காய்ந்த சுவர் இரவிலும் வெகுநேரம் சூட்டை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். அங்கே காகிதப்பூ தாங்கும், பெரணி தாங்காது.

(காட்சி: மண்ணில் தோண்டிய குழியில் தண்ணீர் ஊற்றுவது)

அடுத்தது மண். ஒரு அடி ஆழத்துக்குக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். முழுதும் வடிந்ததும் மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். ஓரிரண்டு அங்குலம் இறங்கினால் பெரும்பாலான செடிகளுக்கு நல்லது. அரை அங்குலம்கூட இறங்கவில்லை என்றால் அது களிமண், வேர் அழுகும். ஊற்ற ஊற்ற உள்ளே போய்விடுகிறது என்றால் மணல்.

மல்லிக்கு வடிகால் உள்ள செம்மண் வேண்டும். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அதன் நாற்றுகளுக்குப் பேர்போன ஊர் ராமேஸ்வரம் பக்கத்தில் இருக்கும் தங்கச்சிமடம். அங்கே மணற்பாங்கான பூமி, பதியன்கள், அதாவது கிளையை மண்ணில் பதித்து உண்டாக்கும் நாற்றுகள், சுலபமாக வேர் பிடிக்கும். இதே மல்லியைக் களிமண்ணில் வைத்தால் சாகாது. இலையும் தழையுமாக ஓங்கி வளர்ந்துவிட்டு, பூ மட்டும் குறைவாகத்தான் கொடுக்கும். செடி செழிப்பாக இருக்கிறதே, ஏன் பூக்கவில்லை என்று கேட்பவர்கள் மண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கரிசல் பூமிக்காரர்கள் மேட்டுப்பாத்தி போட்டு, மணலும் தொழுவுரமும் கலந்து வைக்கலாம்.

மண்ணில் இன்னொரு குணம் உண்டு, புளிப்பா சுண்ணாம்பா என்பது. ஊட்டி மண் புளிப்பு. ஹைட்ரேஞ்சியா அங்கே நீலமாகப் பூக்கக் காரணம், அந்த மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைப்பதுதான். வெட்சிக்கும், அதாவது இட்லிப்பூவுக்கும், புளிப்பு மண்தான் பிடிக்கும். நாமோ அதை வாசலோரம் சுவரை ஒட்டி வைக்கிறோம். வீடு கட்டியபோது கொட்டிய சிமெண்டும் காரையும் கிடப்பது அங்கேதான். சுண்ணாம்பு கூடினால் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அதைப் பார்த்து யூரியா போடாதீர்கள். சுவரிலிருந்து மூன்று அடி தள்ளி, இடிபாடு இல்லாத மண்ணில், நன்றாக மட்கிய இலையுரத்தோடு வையுங்கள்.

(காட்சி: உப்புப் படிந்த தொட்டி விளிம்பு)

அப்புறம் தண்ணீர். கடலோர ஊர்களிலும் ஆழமான போர்வெல் உள்ள இடங்களிலும் பெரிய சிக்கலே இதுதான். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிகிறதா, இலை நுனியிலிருந்து விளிம்பு வழியாகக் கருகுகிறதா? உப்பு என்று சந்தேகப்படுங்கள். மண் ஈரமாக இருந்தும் வேரால் நீரை உறிஞ்ச முடியாமல் செடி வாடும். வாடுகிறதே என்று நாம் இன்னும் ஊற்றுவோம், இன்னும் உப்பு சேரும். ரோஜாவுக்கு இது சுத்தமாக ஆகாது. அரளி, காகிதப்பூ, நித்தியகல்யாணி ஓரளவுக்குத் தாங்கும். நெடுஞ்சாலை நடுவில் அரளி வரிசையைப் பார்த்திருப்பீர்களே. புகை, தார்ச்சாலைச் சூடு, எப்போதாவது லாரித் தண்ணீர், அதிலும் பூக்கிறது. ஆனால் அரளியில் இலை, பூ, தண்டு எல்லாமே விஷம். சின்னப் பிள்ளைகளும் ஆடுமாடும் உள்ள வீட்டில் வேண்டாம்.

காகிதப்பூவுக்குத் தாராளமாகத் தண்ணீரும் உரமும் கொடுத்தால் முள்ளும் இலையும்தான் வரும். கொஞ்சம் காயவிட்டால்தான் பூக்கும். இதற்கு நேர் எதிர் கல்வாழை. குளியலறைத் தண்ணீர் வடிகிற இடத்தில், வேறு எதுவும் நிற்காத சேற்றில், அது குஷியாகப் பூக்கும். கொல்லைப்புறத்தில் அதை வைத்த பாட்டிமார்கள் சரியாகத்தான் வைத்தார்கள்.

(காட்சி: தாய்மண்ணோடு பெயர்த்த செடி)

ஏற்கெனவே தவறான இடத்தில் வைத்த செடியை மாற்றலாமா? மாற்றலாம், கோடையில் மட்டும் வேண்டாம். ஐப்பசி மழையில் மண் நனைந்த பிறகு செய்யுங்கள். முதலில் கிளைகளில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிக் கவாத்து செய்யுங்கள், பெயர்க்கும்போது வேர் கொஞ்சம் அறுபடத்தான் செய்யும். வேரைச் சுற்றியுள்ள தாய்மண் உடையாமல் சாக்கில் சுற்றித் தூக்கி, முதலில் இருந்த ஆழத்திலேயே நட்டு, ஒரு வாரம் நிழல் கட்டுங்கள். மல்லியாக இருந்தால் கார்த்திகை வரை பொறுங்கள். எப்படியும் அப்போது கவாத்து செய்ய வேண்டும், இரண்டு வேலையும் ஒன்றாக முடிந்துவிடும்.