80 லிட்டர் இருந்தும் நிற்கும் லாரி

நேயர்களுக்கு வணக்கம்.

வேலூரில் டீசல் பம்ப் பட்டறை வைத்திருக்கிறவன் என்ற முறையில் என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். லாரிக்காரர்கள் வழியிலிருந்து போன் போட்டுக் கேட்கும் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். “இன்னா அண்ணே, டேங்க்ல 80 லிட்டர் இருக்குது, மலை ஏறும்போது வண்டி நின்னுப்போச்சே!”

டீசலை யாரோ இறக்கிவிட்டார்கள், பம்ப் போய்விட்டது என்று பக்கத்தில் இருப்பவர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். நான் முதலில் கேட்பது, “டேங்க் கம்பெனி டேங்கா, வெளியில கட்டினதா?” என்றுதான். பதில் பெரும்பாலும் நான் நினைத்தபடியே வரும்: வெளியில் கட்டின பெரிய டேங்க்.

பெரிய டேங்க் போடுகிறவர்கள் யாரும் விவரம் தெரியாமல் போடவில்லை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது டீசலை அதற்கு வெளியே வைத்துவிட்டார்கள். அதனால் ஒவ்வொரு மாநிலமும் தன் வரியைத் தானே போடுகிறது, எல்லை தாண்டினால் விலை மாறுகிறது. நம் ஊருக்கு ஒரு பக்கம் ஆந்திரா, இன்னொரு பக்கம் கொஞ்சம் தள்ளிக் கர்நாடகா. சமீப வருஷங்களில் ஆந்திராவில் டீசல் நம்மைவிட விலை கூடுதல், கர்நாடகாவில் குறைவு. சித்தூர் பக்கத்து வண்டி காட்பாடி வந்து நிரப்பும். நம் வண்டி ஓசூரைத் தாண்டி நிரப்பிக்கொண்டு வரும். லிட்டருக்கு 2 ரூபாய் மிச்சம் என்றாலும் 600 லிட்டருக்கு 1,200 ரூபாய். முதலாளிக்கு அது கணக்குத்தானே.

ஆனால் அந்த 600 லிட்டரும் ஏறக்குறைய 500 கிலோ. டேங்கை ஏற்றும்போது இந்த எடையை யாரும் பேசுவதில்லை, எடைமேடையில் நிற்கும்போதுதான் ஞாபகம் வரும். சரி, அதை விடுங்கள். நான் சொல்ல வந்தது டேங்கின் அடிப்பகுதியைப் பற்றி.

டேங்கில் இருக்கும் டீசல் வேறு, இன்ஜினுக்குக் கிடைக்கும் டீசல் வேறு. டேங்கைப் பெரிதாக்கினால் இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசமும் பெரிதாகும். கணக்கு போட்டுப் பார்த்தால் தெளிவாகத் தெரியும்.

அகலம் 60 சென்டிமீட்டர், நீளம் 100 சென்டிமீட்டர் உள்ள ஒரு பெட்டி டேங்க். அதில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு 6 லிட்டர் நிற்கும். டீசலை உறிஞ்சும் குழாய் அடித்தட்டைத் தொடாது; தொட்டால் அடியில் படிந்திருக்கும் கசண்டையெல்லாம் இழுத்துவிடும். 3 சென்டிமீட்டர் தூக்கி வைத்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போது 18 லிட்டர் எப்போதும் உள்ளேயே கிடக்கும். அதே டேங்கை 150 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கட்டினால், சென்டிமீட்டருக்கு 9 லிட்டர். அடியில் கிடப்பது 27 லிட்டர். லோடு வண்டி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்தால், அது வேலூரிலிருந்து ஆம்பூர் போய்த் திரும்புகிற டீசல்.

இது சமதரையில் நிற்கும் வண்டிக்கு. பேரணாம்பட்டைத் தாண்டிப் பத்தலப்பல்லி மலைப்பாதையில் வி.கோட்டா பக்கம் ஏறினால் கணக்கே வேறு. 100 மீட்டருக்கு 8 மீட்டர் உயரும் ஏற்றம் என்று எடுத்துக்கொள்வோம். ஒன்றரை மீட்டர் நீள டேங்கில் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் 12 சென்டிமீட்டர் வித்தியாசம் வந்துவிடும். டீசல் முழுக்கப் பின்னால் ஒதுங்கும். உறிஞ்சு குழாய் டேங்கின் முன் ஓரத்தில் இருந்தால், அங்கே 3 சென்டிமீட்டர் நிற்கும்போது பின் ஓரத்தில் 15 சென்டிமீட்டர் நிற்கும். சராசரி 9. ஒன்பதை ஒன்பதால் பெருக்குங்கள், 81. அதாவது 81 லிட்டருக்குக் கீழே இறங்கிய நிமிஷமே குழாய் காற்றை உறிஞ்சும். போன் போட்ட டிரைவர் பொய் சொல்லவில்லை.

அதே குழாயை டேங்கின் நடுவில் வைத்திருந்தால்? அதே ஏற்றத்தில் 30 லிட்டர் வரை தாங்கும். டேங்க் கட்டுகிறவரிடம் இந்த ஒன்றைச் சொல்லி வாங்கினால் போதும், பாதித் தொல்லை போய்விடும். ஆனால் கட்டுகிறவருக்கு எது சுலபம்? பழைய ஹோஸ் எட்டும் இடத்தில் ஓட்டை போடுவது.

உள்ளே தடுப்புத் தகடு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கம்பெனி டேங்கில் ஓட்டை போட்ட தகடுகளைக் குறுக்கே வைத்திருப்பார்கள். அது இல்லாத டேங்கில் பிரேக் அடித்தால் அத்தனை டீசலும் முன்னால் பாயும், வளைவில் ஒரு பக்கம் சாயும். கால் டேங்க்குக்குக் கீழே வந்துவிட்டால், கொண்டை ஊசி வளைவில் குழாய் ஒரு நொடி காற்றைக் குடித்துவிடும்.

அடுத்து, டீசல் அளவு காட்டும் முள். டேங்குக்குள் ஒரு கம்பியின் நுனியில் மிதவை இருக்கிறது. டீசல் இறங்க இறங்க அதுவும் இறங்கும், அதற்கேற்ப முள் நகரும். அந்த மிதவைக்கு உயரம் மட்டும்தான் தெரியும், எத்தனை லிட்டர் என்று தெரியாது. உயரம் அதேதான், நீளம் மட்டும் கூடுதல் என்றால் பெரிய வம்பில்லை; கால் டேங்க் என்று முள் காட்டினால் கால் டேங்க்தான். உயரத்தைக் கூட்டிவிட்டுப் பழைய மிதவையையே மாட்டினால்தான் குழப்பம். கம்பி மேல்பாதியில் மட்டும் ஆடும். முள் ஜீரோவைத் தொட்டுவிடும், அடியில் ஒரு சாண் டீசல் இருக்கும். டிரைவர் என்ன கற்றுக்கொள்கிறார்? ‘ஜீரோ காட்டினாலும் இன்னும் 200 கிலோமீட்டர் ஓடும்’ என்று. அப்புறம் வேறொரு மெக்கானிக் கம்பியை வளைத்து அடிவரை எட்ட வைப்பார். இப்போது மேலே 100 லிட்டர் தீரும் வரை முள் ஃபுல்லிலேயே நிற்கும், பிறகு மளமளவென்று விழும். பழைய பழக்கத்தில் ஜீரோவுக்குக் கீழே ஓட்டுகிறவர் அன்றைக்கே நடுரோட்டில் நிற்பார். வண்டிக்கு டிரைவர் மாறும்போதும் இதேதான். முள்ளைப் பற்றி யாரும் எழுதியா வைக்கிறார்கள்?

அதனால் குச்சி போட்டுப் பாருங்கள் என்று சொல்கிறேன். பழைய டிரைவர்கள் எல்லோரும் செய்ததுதான். ஆனால் சும்மா நனைத்துப் பார்த்து ‘இவ்வளவு இருக்கு’ என்றால் பயனில்லை, குச்சியில் கோடு வேண்டும். டேங்கைச் சுத்தமாக வடித்துவிட்டு, சமதரையில் நிறுத்துங்கள். எடைமேடை நல்ல இடம், தரை மட்டமாக இருக்கும். அளந்த கேன்களில் 20 லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் மூங்கில் பட்டையை நேராக இறக்கி, நனைந்த இடத்தில் கத்தியால் வெட்டுக்குறி போடுங்கள். பட்டையில் சாக்பீஸைத் தேய்த்து இறக்கினால் நனைந்த கோடு பளிச்சென்று தெரியும். உருளை டேங்க் என்றால் குறிகள் சம தூரத்தில் வராது. அடியில் ஒரு சென்டிமீட்டருக்கு நிற்கும் டீசல் நடுவில் நிற்பதைவிடக் குறைவு. எந்தக் குறிக்குக் கீழே மலை ஏறக் கூடாது என்று ஒரு சிவப்புக் கோடும் போட்டுவிடுங்கள்.

டேங்க் எதில் கட்டுகிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். ஜி.ஐ. தகடு துருப்பிடிக்காது என்று அதில் கட்டித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். டீசலுக்கு அது கூடவே கூடாது. தகட்டின் மேல் பூசிய துத்தநாகம் டீசலில் உள்ள அமிலத்தோடு சேர்ந்து சோப்பு மாதிரி ஒரு பசையாகி ஃபில்டரை அடைக்கும், இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் வரைக்கும் போகும். சாதா இரும்புத் தகடோ அலுமினியமோ போதும். அதேபோல, ஓடின டேங்கை வெல்டிங் வைத்து நீளமாக்கித் தருகிறேன் என்றால் ஓடிவந்துவிடுங்கள். டீசலை வடித்துவிட்டாலும் ஆவி உள்ளேயே நிற்கும். நன்றாகக் கழுவாமல், ஆவி போகாமல் நெருப்பு வைத்தால் டேங்க் வெடிக்கும், ஆள் உயிரே போகும்.

மூச்சுக்குழாயும் முக்கியம். உள்ளே டீசல் குறையும் அளவுக்கு வெளிக்காற்று வந்தாக வேண்டும். அது மண்ணடைத்துப்போனால் டேங்க் நிறைய டீசல் இருந்தும் வண்டி இழுக்காது. மூடியைத் திருகும்போது ‘ஸ்ஸ்’ என்று காற்று உள்ளே போகிற சத்தம் கேட்டால் காரணம் அதுதான், பம்ப்பைக் கழற்ற வேண்டாம். இன்னொன்று, விளிம்பு வரை நிரப்பாதீர்கள். 400 லிட்டர் டீசல் 15 டிகிரி சூடேறினால் 5 லிட்டர் அளவுக்குப் பெருகும். நம் ஊர் மே மாத வெயிலில் அது மூடி வழியாகத் தரைக்குத்தான் போகும்.

இரண்டு டேங்க் போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்ஜினுக்குப் போன டீசல் முழுவதும் எரிந்துவிடாது, ஒரு பங்கு சூடாகி ரிட்டர்ன் குழாயில் திரும்பி வரும். இந்த டேங்கிலிருந்து எடுத்து அந்த டேங்குக்கு ரிட்டர்ன் விட்டால், ஒன்று காலியாகும், மற்றது பொங்கி வழியும். வால்வைத் திருப்பும்போது இரண்டு குழாயும் சேர்ந்து திரும்ப வேண்டும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. காலி வண்டியின் எடையும் அந்தச் சான்றில் இருக்கும். ஆகவே டேங்கை ஏற்றுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். விபத்து நடந்த பிறகு தெரிவிப்பதில் பிரயோஜனம் இல்லை.

இவ்வளவும் பார்த்தும் ஒருநாள் மலையில் ஏர் பிடித்து, அதாவது டீசல் குழாயில் காற்று புகுந்து, வண்டி நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இன்ஜின் நின்றதும் ஸ்டியரிங் கனத்துப்போகும், ஏர் பிரேக்குக்குக் காற்று ஏறாது. ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு, சக்கரத்துக்குப் பின்னால் கட்டையோ கல்லோ வையுங்கள், வளைவுக்கு முன்பே தெரியும்படி முக்கோணத்தை வையுங்கள். டீசல் வாங்க அதற்குப் பிறகு ஓடலாம். கேனில் 20 லிட்டர் வாங்கி வந்தால் போதாமல் போகலாம் என்பது இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். 81 லிட்டர் வேண்டிய ஏற்றத்தில் டேங்கில் 50 லிட்டர்தான் கிடக்கிறது என்றால், அது குழாயைக்கூடத் தொடாது.

டீசல் ஊற்றியதும் ஸ்டார்ட்டரை அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள். பம்ப்புக்குள் இருக்கும் உலோகத்துக்கு டீசல்தான் எண்ணெய். டீசல் இல்லாமல் சுற்றினால் உள்ளே உராய்ந்து தேயும், ஸ்டார்ட்டரும் பேட்டரியும் தனியாகப் போகும். ஃபில்டர் மேல் உள்ள ஏர் ஸ்குரூவை இரண்டு சுற்று தளர்த்திவிட்டுக் கைப்பம்பை அழுத்துங்கள். முதலில் மோர் கடைந்தது போல் நுரை வரும். அழுத்திக்கொண்டே இருந்தால் குமிழ் பெரிதாகும், குறையும், பிறகு குமிழே இல்லாமல் தெளிவாக டீசல் வழியும். அப்போது, கை அழுத்திக்கொண்டிருக்கும்போதே, ஸ்குரூவை இறுக்குங்கள். பழைய பம்ப் வண்டியில் இதற்கும் பிடிக்கவில்லை என்றால் நாசில் நட்டைத் தளர்த்தி ஏர் எடுப்பார்கள். எல்லா நாசிலுக்கும் ஒரே குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசல் போகும் காமன் ரயில் வண்டிக்கு இந்தப் பழக்கத்தைக் கொண்டுவரவே கூடாது. புதிய புகை விதிப்படி வரும் பி.எஸ். 6 வண்டியில் அந்தக் குழாய்க்குள் 1,600 பாருக்குக் குறையாத அழுத்தம் வரும். லாரி டயரில் இருப்பது 8 பார்தான். அந்த வேகத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். வெளியே ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும், விரலையே எடுக்க வேண்டி வரும். கைப்பம்பில் பிடிக்கவில்லை என்றால் அந்த வண்டிக்கு மெக்கானிக்கைக் கூப்பிடுவதுதான் வழி.

இன்ஜின் பிடித்ததும் உடனே கியர் போடாமல் ஐந்து நிமிஷம் ஐடிலில் ஓட விடுங்கள். ஸ்குரூவில் கசிகிறதா என்று ஒரு துணியால் துடைத்துப் பாருங்கள். மலை இறங்கியதும் வாட்டர் செபரேட்டரைத் திறந்து தண்ணியை வடியுங்கள்; அடி டீசலோடு எத்தனை நாள் கசண்டு வந்திருக்கிறது என்று அப்போது தெரியும். பழுப்பாக வந்தால் ஃபில்டரையும் மாற்றுங்கள். கிளம்பும்போது சக்கரத்துக்கு வைத்த கல்லைக் கிளீனர் எடுத்து ஓரத்தில் போட்டாரா என்று கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை நகர்த்துங்கள். இருட்டில் பைக்கில் வருகிறவருக்கு அந்தக் கல் தெரியாது.

வணக்கம்.