முதலில் ஸ்பீக்கர், அப்புறம் ரிசீவர்

நேயர்களுக்கு வணக்கம்.

படம் ஓடிக்கொண்டிருக்கும்போது வீட்டில் யாராவது ஒருவர் ரிமோட்டைக் கையிலேயே வைத்திருப்பார். வசனம் வந்தால் சத்தத்தைக் கூட்டுவார். சண்டையோ பாட்டோ வந்ததும் அவசரமாகக் குறைப்பார். அதற்குள் பக்கத்தில் இருப்பவர் “இப்ப என்ன சொன்னான்?” என்று கேட்பார். ஹோம் தியேட்டரை மாற்றலாமா என்ற பேச்சு பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. ஆனால் கடைக்குள் நுழைந்ததும் அந்தக் குறை மறந்துபோகிறது. எத்தனை வாட்ஸ், எத்தனை சேனல், தலைக்கு மேலிருந்தும் ஒலி வரச்செய்யும் அட்மாஸ் இருக்கிறதா என்று கேள்விகள் மாறிவிடுகின்றன. வீடுகளுக்கு ஒலி அமைத்துக் கொடுப்பது என் தொழில். வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எத்தனை பேர் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பீர்கள், அதில் பெரியவர்கள் உண்டா என்பதைத்தான். யார் எந்த இடத்தில் உட்கார்ந்தாலும் வசனம் புரிய வேண்டும். அது நடக்காவிட்டால் மற்றச் செலவெல்லாம் வீண்.

5.1 என்று சொல்கிறோமே, அதில் முன்னால் இடது, நடு, வலது என்று மூன்று ஸ்பீக்கர். நமக்கு இரு பக்கமும் சற்றே பின்தள்ளி இரண்டு. அடிநாதத்துக்கு ஒரு சப்-ஊஃபர். வசனத்தில் பெரும்பகுதி அந்த நடு ஸ்பீக்கர் வழியாகத்தான் வரும். தியேட்டர் திரையைக் கிட்டே போய்ப் பார்த்தால் பொடிப்பொடியாகத் துளைகள் தெரியும். நடு ஸ்பீக்கர் அதற்குப் பின்னால் நிற்கிறது. அதனால்தான் ஓரத்து நாற்காலிக்காரருக்கும் குரல் நடிகரின் முகத்திலிருந்தே வருகிறது. வீட்டில் இடது, வலது இரண்டை மட்டும் வைத்தாலும் நட்டநடுவில் உட்காருபவருக்குக் குரல் நடுவில்தான் கேட்கும். ஓரத்தில் இருப்பவருக்கோ அது பக்கத்து ஸ்பீக்கரோடு போய் ஒட்டிக்கொள்ளும். தனியாகவோ இரண்டு பேராகவோ பார்ப்பவர்கள் நடு ஸ்பீக்கர் இல்லாமலே நன்றாகக் கேட்கலாம். நாலு பேர் இருக்கிற வீட்டில் அது கட்டாயம் வேண்டும், நல்லதாகவும் வேண்டும்.

எது நல்லது என்பதில் கொஞ்சம் விவரம் இருக்கிறது. டி.வி.க்குக் கீழே அடங்க வேண்டும் என்பதற்காக நடு ஸ்பீக்கரைப் படுக்கை வசத்தில் செய்கிறார்கள். மத்தியில் உச்ச ஒலிக்கு ஒரு ட்வீட்டர், இரு பக்கமும் நடு, தாழ் ஒலிகளுக்கு ஒரே அளவில் இரண்டு ஊஃபர். நேர் எதிரே உட்கார்ந்து கேட்டால் குறை தெரியாது. சோபாவின் ஓரத்துக்கு நகர்ந்தால் ஒரு ஊஃபர் காதுக்குக் கிட்டேயும் மற்றது கொஞ்சம் தள்ளியும் ஆகிவிடுகிறது. இரண்டிலிருந்தும் வரும் அலைகள் சில அதிர்வெண்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். குரல் தெளிவு எங்கே இருக்கிறதோ அந்தப் பகுதியிலேயே பள்ளம் விழும். இதைத் தவிர்க்க மூன்று வழி அமைப்பு உண்டு. அதில் ட்வீட்டரும், நடு ஒலிக்கான சிறிய மிட்ரேஞ்சும் மத்தியில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும், ஊஃபர்கள் பக்கவாட்டில் இருக்கும். விலை கூடுதல்தான். இடம் இருந்தால், இடது வலதுக்கு வாங்கும் அதே புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரில் (அலமாரியில் வைக்கும் அளவுள்ள சிறிய ஸ்பீக்கரில்) மூன்றாவதாக ஒன்றை வாங்கி நடுவில் நிமிர்த்தி வைப்பது எல்லாவற்றிலும் மேல். எப்படியானாலும் முன்னால் நிற்கும் மூன்றும் ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசையைச் சேர்ந்ததாக இருக்கட்டும். இல்லாவிட்டால் திரையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும் கார், நடுவில் வரும்போது வேறு காராகிவிடும்.

கடையில் வெடிச்சத்தமும் ஹெலிகாப்டரும் போட்டுக் காட்டுவார்கள். அதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. பிறந்ததிலிருந்து நம் காது பழகியது மனிதக் குரலைத்தான். வானொலிச் செய்தி வாசிப்பு இரண்டை ஃபோனில் எடுத்துக்கொண்டு போங்கள், ஒன்று ஆண் குரல், ஒன்று பெண் குரல். ஒலியைப் பிரித்து, பெருக்கி, எல்லா ஸ்பீக்கருக்கும் அனுப்பும் கருவிதான் ரிசீவர். அதில் ‘டால்பி சரவுண்ட்’ முறையைப் போடச் சொன்னால் குரல் நடு ஸ்பீக்கருக்குப் போய்விடும். ஆண் குரல் குடத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல் வந்தால் அந்த ஸ்பீக்கரை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். பெண் குரலில் ‘ஸ’, ‘ச’ வரும் இடங்களில் காது கூசினால் வீட்டில் இரண்டு மணி நேரம் உட்கார முடியாது. சொற்களைப் பிரித்துக் காட்டும் மெய்யொலிகளின் கூர்மை பெரும்பாலும் 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. அங்கே தடுமாறும் ஸ்பீக்கரில் ‘மழை’யும் ‘மலை’யும் குழம்பும். செய்தி ஓடும்போதே சோபாவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்ந்து பாருங்கள். நான் சொன்ன பள்ளம் இருந்தால் அப்போது தெரிந்துவிடும்.

இரண்டு ஸ்பீக்கரை ஒப்பிடும்போது இரண்டின் சத்தமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். கொஞ்சம் கூடுதலாக ஒலிப்பது எதுவோ அதுவே நல்லது என்று நம் மனசு சொல்லிவிடும். கண்ணும் ஏமாற்றும். கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலில் ஃப்ளாய்ட் டூல் என்ற விஞ்ஞானி பல ஆண்டுகள் ஸ்பீக்கர்களைத் திரையால் மறைத்து வைத்துக் கேட்கச் சொல்லி ஆராய்ந்தார். பெயரும் விலையும் தெரியாதபோது பெரும்பாலானவர்களின் விருப்பம் ஒத்துப்போனது. நேரேயும் பக்கவாட்டிலும் ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒலிக்கும் ஸ்பீக்கரையே அவர்கள் விரும்பினார்கள். பிறகு அவரும் ஷான் ஆலிவும் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், கண்ணால் பார்த்துக்கொண்டே கேட்டவர்கள் மதிப்பெண்ணை மாற்றிப் போட்டார்கள். அதனால் கடையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

இனி பணத்தை எப்படிப் பிரிப்பது என்று பார்ப்போம். காந்தமும் சுருளும் சேர்ந்து காகிதக் கூம்பை அசைக்கும் ஸ்பீக்கரை ரைஸ், கெல்லாக் என்ற இரண்டு அமெரிக்கப் பொறியாளர்கள் 1925-இல் வெளியிட்டார்கள். இன்று நாம் வாங்கும் ஸ்பீக்கரும் அடிப்படையில் அதே வழியில்தான் இயங்குகிறது. ரிசீவரின் கதை வேறு. படத்தையும் ஒலியையும் ஒரே கேபிளில் கடத்தும் எச்.டி.எம்.ஐ. இணைப்பில் 1.4 வந்தது 2009-இல், 2.0 வந்தது 2013-இல், 2.1 வந்தது 2017-இல். 2020 வாக்கில் வந்த சில ரிசீவர்கள் புதிய வீடியோ கேம் கருவிகள் அனுப்பிய, நொடிக்கு 120 சட்டங்கள் கொண்ட 4கே படத்தைச் சரியாகக் கடத்த முடியாமல் திணறின. ரிசீவரை ஏழெட்டு வருடத்தில் மாற்ற வேண்டி வரலாம், நல்ல ஸ்பீக்கரோ இருபது வருடம் பேசும். ஆகவே 100 ரூபாய் இருந்தால் 65, 70 ரூபாயை ஸ்பீக்கருக்கும் சப்-ஊஃபருக்கும் ஒதுக்குங்கள் என்பேன். அதிலும் முன்னால் நிற்கும் மூன்றுக்குத்தான் பெரும்பங்கு. பக்கவாட்டு ஸ்பீக்கர்கள் சிறியதாக இருந்தால் போதும்.

பழைய ஸ்பீக்கர் வாங்குவதிலும் தப்பில்லை. ஆனால் முன்வலையைக் கழற்றி, கூம்பைச் சுற்றியிருக்கும் வளையத்தை விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். ரப்பராக இருந்தால் நல்லது. ஃபோமாக இருந்தால், கடலோர ஈரக்காற்றில் சில வருடங்களில் இற்றுப்போய் விரலில் கறுப்புப் பொடியாக ஒட்டும். பெட்டிசெட்டாக வந்த ஹோம் தியேட்டரின் ஸ்பீக்கர்களைப் புது ரிசீவரில் மாட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். பின்னால் 3 ஓம் என்று போட்டிருந்தால் மாட்டாதீர்கள். பெரும்பாலான ரிசீவர்கள் அந்தச் சுமைக்குச் செய்யப்பட்டவை அல்ல.

வாட்ஸ் கணக்கு எளிது. ஸ்பீக்கர் அட்டையில் ‘சென்சிடிவிட்டி 87 டெசிபல்’ என்று இருந்தால், 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தபோது கிடைத்த சத்தம் அது. 10 அடி தள்ளி உட்கார்ந்தால் ஏறக்குறைய 78, 80 டெசிபல் கேட்கும். வீட்டில் படம் பார்க்க அதுவே சத்தம்தான். வாட்டை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. 80 வாட் ரிசீவருக்கும் 100 வாட் ரிசீவருக்கும் உள்ள வித்தியாசம் 1 டெசிபல், அதைக் காது கவனிப்பதே கஷ்டம். அந்த விலை வித்தியாசத்தை 90 டெசிபல் ஸ்பீக்கரில் போட்டால் ரிசீவரை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். அட்டையில் வாட்டுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருப்பதையும் படியுங்கள். ‘6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீதச் சிதைவு, ஒரு சேனல்’ என்று இருந்தால் அந்த எண் உங்கள் ஹாலுக்குள் வராது. ‘8 ஓம், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ், இரண்டு சேனல், 0.08 சதவீதச் சிதைவு’ என்பதுபோல் இருந்தால் நம்பலாம்.

ரிசீவரில் கேட்க வேண்டியவை சில. மைக் வைத்து அறையை அளந்து சரிசெய்யும் வசதி இருக்க வேண்டும். சப்-ஊஃபருக்குத் தனி வழி வேண்டும். டி.வி.யின் ஒலியை எச்.டி.எம்.ஐ. கேபிள் வழியே ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் இ-ஆர்க் வசதி இருந்தால் நல்லது. டி.வி.யில் பழைய ஆர்க்தான் இருக்கிறது என்று டி.வி.யையும் சேர்த்து மாற்ற வேண்டாம். இணையத்தில் வரும் அட்மாஸ் ஒலியை ஆர்க் தாங்கும். புளூ-ரே தட்டிலிருந்து வரும் முழு ஒலிக்குத்தான் இ-ஆர்க் தேவை, தட்டு ஓட்டும் கருவியை நேராக ரிசீவரில் செருகினால் அதுவும் தேவையில்லை. அமெரிக்காவிலிருந்து வரும் சொந்தக்காரர் பெட்டியில் ரிசீவர் கொண்டுவருகிறேன் என்றால் அன்போடு மறுத்துவிடுங்கள். அது 120 வோல்ட்டுக்குச் செய்தது. டிரான்ஸ்ஃபார்மர் போட வேண்டும், பழுதானால் இங்கே வாரண்டியும் செல்லாது. இங்கே வாங்கியதையும் டி.வி. ஷோகேஸுக்குள் மூடி வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் அதுவே கொதிக்கும், மேலே அரை அடியாவது காற்று போக இடம் வேண்டும்.

எவ்வளவு செலவழித்தாலும் அறை ஒத்துழைக்க வேண்டும். நம் ஹால்களில் தரையெல்லாம் டைல்ஸ், சுவரெல்லாம் சிமெண்ட் பூச்சு. நடுவில் நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள், ‘ட்ர்ர்’ என்று அதிர்ந்து அடங்கும். ஒவ்வொரு சொல்லின் வாலும் அடுத்த சொல்லின் மேல் விழுவது இதனால்தான். டி.வி.க்கும் சோபாவுக்கும் நடுவே கனமான விரிப்பு, ஜன்னல்களுக்கு மடிப்பு நிறைந்த தடித்த திரை, சுவரோரம் புத்தக அலமாரி, இந்த மூன்றும் செய்வதை எந்த ரிசீவரும் செய்யாது. மின்விசிறியின் இரைச்சலும் மெல்லிய வசனத்தை விழுங்கும், வேகத்தை ஒரு படி குறைத்தால் போதும்.

சப்-ஊஃபரில்தான் அறை அதிகம் விளையாடும். 12 அடி நீள ஹாலில் 47 ஹெர்ட்ஸ் வாக்கில் அலை சுவருக்குச் சுவர் நின்றுவிடுகிறது. சுவரோரம் கன்னாபின்னாவென்று அதிரும், நடுவில் ஒன்றுமே இருக்காது. நாம் சோபாவைச் சுவரோடு ஒட்டிப் போடுகிறவர்கள் ஆயிற்றே. ஒன்றரை அடி முன்னே இழுத்துப் போடுங்கள். சப்-ஊஃபரை எங்கே வைப்பது என்று கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி உண்டு. அதைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்து, அடிநாதம் நிறைந்த பாட்டு ஒன்றை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்தபடி கேட்டு வாருங்கள். எங்கே ஒவ்வொரு சுரமும் ஒரே அளவில் தெளிவாகக் கேட்கிறதோ அங்கே சப்-ஊஃபர் போகட்டும். அடுக்குமாடி என்றால் கீழ்வீட்டுக்காரரையும் நினைத்துக்கொள்ளுங்கள், அந்த அதிர்வு கான்கிரீட் வழியே இறங்கும்.

எல்லாம் மாட்டிய பிறகு, விசிறியும் ஏ.சி.யும் அணைத்துவிட்டு, மைக்கைக் காது உயரத்தில் வைத்து அளவெடுங்கள். முடிந்ததும் மெனுவுக்குள் போய்ப் பார்க்க வேண்டும். ரிசீவர் சில சமயம் ஸ்பீக்கர்களை ‘லார்ஜ்’ என்று எழுதிக்கொள்ளும். அதை ‘ஸ்மால்’ ஆக்கி, அடிநாதம் சப்-ஊஃபருக்குப் பிரியும் இடத்தை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். அடிநாதத்தின் சுமை சப்-ஊஃபருக்குப் போய்விடும், நடு ஸ்பீக்கர் நிம்மதியாக வசனம் பேசும். நடு ஸ்பீக்கரின் அளவை மட்டும் 2, 3 டெசிபல் கூட்டிக்கொள்ளலாம். காது மந்தமான பெரியவர்களுக்கு அது பெரிய உபகாரம்.

மொத்தப் பணமும் ஒரே நேரத்தில் சேராது. முதலில் இடது, வலது ஸ்பீக்கரும் ரிசீவரும். அடுத்து நடு ஸ்பீக்கர், அப்புறம் சப்-ஊஃபர், பிறகு பக்கவாட்டு இரண்டு. அட்மாஸ் 2012-இல் தியேட்டருக்கும் 2014-இல் வீட்டுக்கும் வந்தது, கேட்க நன்றாகவே இருக்கும். ஆனால் நல்ல 5.1 அமைந்த பிறகுதான் கூரைக்குப் போக வேண்டும். அந்த எண்ணம் இருந்தால் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும் முன்பே வயரை இழுத்துவிடுங்கள். மின்சாமான் கடையில் கிடைக்கும் பல இழைச் செம்பு வயர் போதும், 30 அடிக்குள் 1.5 சதுர மில்லிமீட்டர், அதற்கு மேல் 2.5. அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது வேண்டாம். சிவப்பு முனை சிவப்பிலேயே, கறுப்பு முனை கறுப்பிலேயே போகிறதா என்று ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் பாருங்கள். ஒன்று மாறினாலும் அடிநாதம் வற்றிவிடும்.

நன்றி, வணக்கம்.