தரைக்கு அடியில் போகும் பணம்

வணக்கம். பெங்களூரில் மைக்ரோபிரூவரி என்கிற சிறு பீர் ஆலைகள் 2010 வாக்கில் தலைகாட்டத் தொடங்கின. இன்று இந்திராநகர், கோரமங்களா பக்கம் போனால் மொட்டை மாடியில்கூட பீர் நொதிக்கும் டேங்குகள் தெரிகின்றன. குடிப்பது சரியா தவறா என்பது வேறு பேச்சு. நான் கட்டட வேலைக்காரன். அப்படி ஓர் ஆலைக்கு எஸ்டிமேட் போடுகிறவர் எங்கே கோட்டை விடுகிறார் என்பதை மட்டும் சொல்கிறேன்.

டேங்குகளின் விலையை எல்லோரும் விசாரித்து வைத்திருப்பார்கள். பளபளவென்று இருக்கும், பார்க்க ஆசையாக இருக்கும். தரையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நான் பேச வந்தது தரையைத்தான்.

ஒரு பழைய பங்களாவை வாடகைக்கு எடுக்கிறீர்கள். வீட்டுத் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்கும் கணக்கில் போட்டது. 1000 லிட்டர் தண்ணீரே ஒரு டன். எஃகுத் தொட்டியின் எடையும் சேர, அது நாலு கால்களில் நிற்கிறது. கீழ்த்தளத்தில் மண்மேல் நின்றால் சமாளிக்கலாம். மாடி என்றால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்து போடாமல் ஒரு டேங்கையும் ஏற்றாதீர்கள்.

அப்புறம் வாட்டம். கொத்தனார்களுக்கு நான் சொல்லிச் சொல்லி அலுத்த விஷயம் இது. கழுவும் நீர் சாக்கடைக்கு ஓட, தரைக்கு ஓர் அடிக்குக் கால் அங்குலம் சரிவு வேண்டும். இருபதடி நீள அறையில் அது ஐந்து அங்குலம்! அந்த உயரத்தை முதலிலேயே யோசிக்காவிட்டால் வாசற்படியில் இடிக்கும், கூரையில் இடிக்கும்.

எனக்குத் தெரிந்த ஓர் உரிமையாளர், பெயர் வேண்டாம், உணவு அரங்குக்குத் தொங்கு விளக்கு, வளைந்த மரக் கவுன்டர் எல்லாம் முதலில் முடித்துவிட்டார். ஆலை அறைக்குக் கையில் மிச்சமிருந்த காசில் சாதாரண டைல்ஸ். “தரைதானே சார், மிதிக்கத்தானே” என்றார். பீர் ஆலையில் தரையை யார் மிதிக்கிறார்கள்? கொதிக்கக் கொதிக்கக் காஸ்டிக் சோடா கரைசல், பின்னாலேயே அமிலம், பிறகு குளிர்ந்த நீர். இதுதான் அன்றாடக் கழுவல். சில மாதங்களில் டைல்ஸ் இடுக்கில் பூசிய கலவை கரைந்தது. நீர் கசிந்து கீழே இருந்த துணிக்கடைக் கூரையில் இறங்கியது. கடைக்காரர் மேலே ஏறி வந்து பேசியதை வானொலியில் சொல்ல முடியாது. டேங்குகளைக் கழற்றி, தரையை உடைத்து, சரிவு கொடுத்து, சூடும் அமிலமும் தாங்கும் பாலியூரித்தேன் சிமென்ட் தளம் போட்டோம். தரைக்கு இரண்டு முறை செலவு. ஆலை மூடியிருந்த நாட்களுக்கும் வாடகை நிற்கவில்லை. விளக்குகள் மட்டும் அழகாக எரிந்துகொண்டிருந்தன.

ஆகவே முதலில் தரை, சாக்கடை. பிறகுதான் விளக்கு. மறுபடியும் சொல்கிறேன், தரை முதலில்.

தண்ணீருக்கு வருவோம். ஒரு லிட்டர் பீருக்கு ஐந்தாறு லிட்டர் நீர் சாதாரணமாகச் செலவாகும், பெரும்பகுதி கழுவவே. காவிரி நீர் சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து மேலேற்றப்பட்டு வரும் ஊர் இது. 2024 மார்ச்சில் பெங்களூர் பட்ட தவிப்பு நினைவிருக்கும். பெரிய சம்ப், சுத்திகரிப்பு, கழிவு நீருக்குத் தனித் தொட்டி, எல்லாம் எஸ்டிமேட்டில் வர வேண்டும். மால்ட், அதாவது பீருக்கான முளைகட்டிய தானியம், கலந்த கழிவை அப்படியே சாக்கடையில் விட முடியாது.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். மின்சாரம், குளிரூட்டி பற்றி நிறைய வைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். த்ரீ பேஸ் இணைப்புக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். நொதிக்கும்போது வரும் கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, கீழே தங்கும்; எக்ஸாஸ்ட் விசிறியைத் தரையை ஒட்டி வையுங்கள். உரிமம் கைக்கு வரும்வரை ஓடும் வாடகையையும், எதிர்பாராச் செலவுக்கு நூற்றுக்குப் பதினைந்தையும் தனியாக எடுத்து வையுங்கள். டேங்க் வாசலுக்குள் நுழையுமா என்று அளந்து பாருங்கள். நன்றி, வணக்கம்.