குப்பையைப் படித்தவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

தொல்லியல் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது முதுமக்கள் தாழி, பானை ஓடு, ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய மண்ணடுக்கு. இன்று நான் சொல்லப்போவது போன வாரத்துக் குப்பையை ஆராய்ந்த ஒரு தொல்லியலாளரைப் பற்றி. அவர் பெயர் வில்லியம் ராத்ஜே. மாயா நாகரிகத்தைப் படித்தவர், அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 1973-ல் டூசான் நகரில் அவர் தொடங்கிய ஆய்வுக்கு ‘குப்பைத் திட்டம்’ என்றே பெயர்.

தொல்லியலாளர் கைக்கு வருவதில் பெரும்பகுதி, அந்தக் காலத்து மக்கள் வேண்டாம் என்று போட்டதுதான். நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கல்மணி செய்யும் பட்டறைகள் இருந்தன என்று உறுதியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், செதுக்கும்போது தெறித்த சில்லுகளும் பாதி வேலையில் நின்றுபோன மணிகளும்தான். வேலை முடிந்த மணி யார் கழுத்துக்கோ போய்விடும், எந்த ஊருக்கோ போய்விடும். செய்த இடத்திலேயே தங்குவது கழிவு.

ராத்ஜே இதையே இன்றைய மனிதர்மேல் திருப்பினார். பழைய குப்பை இவ்வளவு சொல்கிறது என்றால் நேற்றைய குப்பை சொல்லாதா? அதில் கூடுதலாக ஒரு வசதியும் உண்டு. போட்டவர் உயிரோடு இருக்கிறார், போய்க் கேட்கலாம். அவர் வாயால் சொல்வதையும் அவர் வீட்டுக் குப்பை சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

வேலை நடந்த விதம் இது. நகராட்சியின் குப்பை வண்டிப் பணியாளர்கள், குறிப்பிட்ட பகுதிகளில் வைத்திருக்கும் பைகளைத் தனியே எடுத்து வந்து கொடுப்பார்கள். எந்தப் பகுதி என்பதை மட்டும் எழுதிக்கொள்வார்கள். வீட்டுக்காரர் பெயரைப் பதிவு செய்வதில்லை. மாணவர்கள் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டு, வெள்ளைக் கோட்டும் கையுறையும் மாட்டிக்கொண்டு, பையை மேசையில் கொட்டுவார்கள். ரொட்டித் துண்டு, மாட்டிறைச்சியில் வெட்டி எறிந்த கொழுப்பு, பீர் டின், மருந்துக் குப்பி, பாதி தின்ற பழம் என்று ஒவ்வொன்றையும் எடுத்து வகை பிரித்து, நிறுத்து, பிராண்டும் விலையும் தெரிந்தால் அதையும் எழுதுவார்கள். வீச்சம் தாங்காமல் விட்டுப் போனவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் வேலை நிற்கவில்லை, பல ஆண்டுகள் தொடர்ந்தது.

அப்புறம், அதே பகுதிகளில் கேள்வித்தாள் கொண்டுபோய்க் கேட்டார்கள். ஒரு வாரத்தில் எவ்வளவு பீர் குடிக்கிறீர்கள், எவ்வளவு பழம் சாப்பிடுகிறீர்கள் என்று. குடியைப் பற்றிச் சொன்ன கணக்கைவிடக் குப்பையில் கிடந்த டின்கள் அதிகம். இனிப்பும் சிப்ஸும் வாய்க்கணக்கில் குறைந்தன, உடம்புக்கு நல்லது என்று பெயர் வாங்கிய பண்டங்கள் கூடின. இதை நான் பொய் என்று சொல்லமாட்டேன். தான் எப்படி வாழவேண்டும் என்று ஒருவர் நினைக்கிறாரோ, அதைத்தான் கேள்விக்குப் பதிலாகத் தருகிறார். இதில் எனக்கு மிகவும் பிடித்த தகவல் ஒன்று உண்டு. அதே வீட்டில் இருக்கும் குடிப்பழக்கம் இல்லாத ஒருவரிடம், குடிப்பவரைப் பற்றிக் கேட்டபோது கணக்கு கிட்டத்தட்ட சரியாக வந்தது. தன் நடத்தையைவிடப் பக்கத்தில் இருப்பவர் நடத்தை நமக்குத் தெளிவாகத் தெரிகிறது.

ஆய்வு தொடங்கிய 1973-ல் அமெரிக்காவில் மாட்டிறைச்சித் தட்டுப்பாடு. விலையும் ஏறியிருந்தது. இப்படியொரு நேரத்தில் மக்கள் இறைச்சியை வீணாக்காமல் பார்த்துக்கொள்வார்கள் என்றுதானே நினைப்போம்? குப்பையில் எறியப்பட்ட நல்ல இறைச்சி அப்போதுதான் கூடியிருந்தது. கிடைக்கும்போது வாங்கிவைப்போம் என்று ஜனங்கள் அளவுக்கு மீறி வாங்கியிருக்கிறார்கள். வழக்கமாக வாங்காத பாகங்களைச் சமைக்கத் தெரியாமல் வாங்கியிருக்கிறார்கள். வைக்கவும் தெரியவில்லை, ஆக்கவும் தெரியவில்லை. பொருளாதாரப் புள்ளிவிவரத்தை மட்டும் பார்ப்பவர் கண்ணில் இது படாது. அதில் வாங்கியது வரும், வாங்கிய பிறகு நடந்தது வராது.

இதிலிருந்து அந்தக் குழு இன்னொன்றையும் கண்டது. தினமும் ஏறக்குறைய ஒரே பொருள்களை வைத்துச் சமைக்கிற வீட்டில் உணவு குறைவாக வீணாகிறது. டூசானில் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள் பல உண்டு. அவர்கள் சமையலில் சோள ரொட்டி, பீன்ஸ், தக்காளி, மிளகாய் என்று அதே சில பொருள்கள்தான் வெவ்வேறு பண்டமாக மாறி மாறி வரும். இன்றைய மிச்சத்துக்கு நாளைய சமையலில் இடம் இருக்கும். நம் வீட்டு மாவுச் சட்டி மாதிரி: முதல் நாள் இட்லி, மறுநாள் தோசை, புளித்தால் ஊத்தப்பம், அதையும் தாண்டினால் பணியாரம். எப்போதோ ஒரு தடவைக்கென்று வாங்கிய விசேஷப் பண்டம்தான் அலமாரியின் மூலையில் கிடந்து குப்பைக்குப் போகிறது.

1987 முதல் ராத்ஜே குழு பைகளோடு நிற்காமல் குப்பைமேடுகளையே துளைத்தது. கிணறு தோண்டுவது போன்ற பெரிய துரப்பணத்தை இறக்கி, அடுக்கடுக்காக எடுத்தார்கள். 1948 முதல் 2001 வரை நியூயார்க் நகரத்துக் குப்பை போய்ச் சேர்ந்த ஃபிரெஷ் கில்ஸ் மேடும் அதில் ஒன்று. எந்த அடுக்கு எந்த ஆண்டு என்று சொல்ல அவர்களுக்குக் கார்பன் கணிப்பு தேவைப்படவில்லை. செய்தித்தாள் கிடைத்தது, தேதி அச்சிலேயே இருந்தது. பல பத்தாண்டு மண்ணுக்குள் கிடந்த தாளை எழுத்துக் கூட்டாமல் படிக்க முடிந்தது. செய்தித்தாள் இல்லாத இடத்தில் பானங்களின் டின் மூடி உதவியது. இழுத்துப் பிய்த்து எறிகிற வளையம் 1960-களில் வந்து, 1970-களின் நடுவிலிருந்து டின்னோடு ஒட்டியே இருக்கும் மூடிக்கு இடம் விட்டது. ஒரு காலத்துப் பானையின் விளிம்பைப் பார்த்துத் தொல்லியலாளர் காலம் சொல்வதும் இதே முறைதான்.

மட்கிப்போயிருக்கும் என்று எல்லாரும் நம்பிய பண்டங்கள் அங்கே அப்படியே இருந்தன. அழுத்தி மூடிய மேட்டுக்குள் காற்றும் ஈரமும் போதுமான அளவு போவதில்லை, அதனால் மட்குவது மிக மெதுவாகத்தான் நடக்கிறது. மேட்டை நிரப்புவது குழந்தைகளின் டயபரும் உணவகங்களின் ஃபோம் டப்பாவும்தான் என்று அப்போது அமெரிக்காவில் பெரிய பேச்சு. அளந்து பார்த்தால் அவை சிறுபங்கு. இடத்தை அடைத்திருந்தது காகிதம்.

சரி, குப்பை சொல்வதை மட்டும் நம்பினால் போதுமா? போதாது. ராத்ஜே இருந்த அதே பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஷிஃபர் என்ற தொல்லியலாளர், ஒரு பொருள் பயன்பாட்டிலிருந்து மண்ணுக்குள் போகும் வழியையே தன் ஆய்வாக எடுத்துக்கொண்டார். நடுவில் யார் எடுத்தார்கள், எது உருக்கப்பட்டது, எது இன்னொரு கைக்கு மாறியது என்பது தெரியாமல் குழியில் கிடைத்ததை மட்டும் வைத்துப் பேசினால் தவறான முடிவுக்கு வருவோம். பழைய ஊர்களில் பானை ஓடு கூடை கூடையாகக் கிடைப்பதற்குக் காரணம் அதுதான். உடைந்த செம்பை உருக்கலாம், உடைந்த பானையை ஒன்றும் செய்ய முடியாது.

நம் ஊர்க் குப்பையைப் படிக்கப் போகிறவர் இதை முதலில் மனதில் வைக்கவேண்டும். நம் வீட்டுச் செய்தித்தாள் பழைய பேப்பர் கடைக்குப் போகிறது. பித்தளையும் இரும்பும் காயலான் கடைக்கு. பழைய சேலை பாத்திரக்காரருக்கு. இத்தனையும் கழிந்த மிச்சம்தான் மேட்டுக்கு வருகிறது. நம் மேட்டில் காகிதம் குறைவாக இருப்பதைப் பார்த்து, இந்த ஊரில் யாரும் பத்திரிகை படிக்கவில்லை என்று எழுதிவிடக் கூடாது.

இன்னொரு கவனமும் வேண்டும். மாத்திரை அட்டை ஒருவரின் நோயைச் சொல்லிவிடும், எலும்புத் துண்டு ஒரு குடும்பத்தின் சாப்பாட்டைச் சொல்லிவிடும். என்ன சமைக்கிறீர்கள் என்று கேட்டு வாடகைக்கு வீடு தர மறுக்கும் தெருக்கள் உள்ள நாடு இது. டூசானில் பெயரை எழுதாமல் விட்டதைப் போல் பத்து மடங்கு எச்சரிக்கை இங்கே தேவை. அங்கே மாணவர்கள் ஊசியும் கையுறையும் போட்டுச் செய்ததை ஆராய்ச்சி என்கிறோம். இங்கே அதே பிரிக்கும் வேலையைப் பல இடங்களில் வெறுங்கையால் செய்கிற தூய்மைப் பணியாளர்களிடம், எந்தத் தெருவில் என்ன மாறியிருக்கிறது என்று உட்கார்ந்து கேட்பவர் குறைவு. தெருவைத் தினமும் பார்க்கிற கண் அவர்களுடையது. ஆய்வு என்று வந்தால் அவர்களைத் தகவல் தருபவராக மட்டும் வைக்காமல், கூலி கொடுத்து, பெயர் போட்டு, ஆய்வாளராகவே சேர்க்கவேண்டும் என்பேன்.

சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் பல பத்தாண்டுக் குப்பையைக் கிளறிச் சலித்துப் பிரிக்கும் பயோமைனிங் வேலையை மாநகராட்சி எடுத்திருக்கிறது. நிலத்தை மீட்கும் நல்ல வேலை. எரிந்தும் கிளறப்பட்டும் குழம்பிய மேடுகள்தான், ஆனாலும் படிக்க நிறைய இருக்கும். 1980-களில் கடலூர்ப் பக்கமிருந்து பரவிய ஷாம்பு சாஷே எந்த ஆழத்தில் தலைகாட்டுகிறது? ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் தடை வந்ததே, அது அடுக்கில் தெரிகிறதா? கொரோனாக் காலத்து முகக்கவசம் எத்தனை அடி உயரத்துக்குக் கிடக்கிறது? ஒரு கல்லூரியின் மானிடவியல் துறையோ தொல்லியல் துறையோ அனுமதி வாங்கி, ஒரு தராசும் நோட்டும் எடுத்துக்கொண்டு, அங்கே வேலை செய்கிறவர்களோடு சேர்ந்து இந்தக் கேள்விகளுக்கு விடை தேடலாம். சலித்து முடித்த மேட்டைத் திரும்ப அடுக்க முடியாது; அதனால் செய்கிறவர்கள் இந்த ஆண்டே தொடங்கவேண்டும்.

நன்றி. வணக்கம்.