சுங்கம் தவிர்த்தவனும் மம்பட்டி பிடித்தவனும்

எல்லாருக்கும் வணக்கம். தலைமையேற்றிருக்கும் மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, நூறு நாற்காலியும் இந்த மைக்கும் வாடகை இல்லாமல் அனுப்பி வைத்த வர்த்தகர் சங்கத் தலைவர் அண்ணாச்சி அவர்களே, வார்டு உறுப்பினர் அக்கா அவர்களே (அக்கா எட்டே காலுக்குக் கிளம்பணும் என்று சொல்லிவிட்டார்கள், அதற்குள் என் பேச்சில் முக்கியமான இடம் வந்துவிடும், பயப்பட வேண்டாம்), எனக்கு முன்னால் பேசி கைதட்டல் எல்லாவற்றையும் வாங்கி முடித்துவிட்ட தமிழாசிரியர் தம்பி அவர்களே, முன்வரிசையில் துண்டு போட்டு இடம் பிடித்திருக்கும் என்னுடன் ஓய்வு பெற்ற சகாக்களே, தாய்மார்களே. பொன்னாடை வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லியிருந்தேன், போட்டுவிட்டார்கள். போன தடவை போட்டதை வைத்து என் வீட்டுக்காரம்மா தலையணை உறை தைத்துவிட்டாள், இன்னொரு தலையணை பாக்கி இருக்கிறது, ஆகவே நன்றி.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'சாலைக்குக் காசு எங்கிருந்து வருகிறது'. நான் நெடுஞ்சாலைத் துறையில் சாலை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பொருளாதாரம் படித்தவன் இல்லை. தார் வாசனை தெரியும். நான்கு விஷயம் பேசலாம் என்று குறித்து வந்திருக்கிறேன். ஒன்று வரி, இரண்டு சுங்கம், மூன்று கடன், நான்கு பராமரிப்பு.

முதலில் நம்மில் பலருக்கு இருக்கிற ஒரு நினைப்பைக் கலைத்துவிடுகிறேன். வண்டி வாங்கும்போது சாலை வரி கட்டுகிறோமே, அந்தக் காசுதான் சாலையாக மாறுகிறது என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. மோட்டார் வாகன வரியும் சரி, பெட்ரோல் மேல் மாநில அரசு போடும் மதிப்புக் கூட்டு வரியும் சரி, எல்லாம் அரசின் தொகுப்பு நிதி என்கிற ஒரே பெரிய அண்டாவில் போய் விழுகிறது. சம்பளம், பென்ஷன், ரேஷன் அரிசி, வட்டி எல்லாவற்றுக்கும் அந்த அண்டாதான். அப்புறம் சட்டசபையில் மானியக் கோரிக்கை, அதாவது இந்தத் துறைக்கு இவ்வளவு செலவுக்கு வேண்டும் என்று ஒப்புதல் கேட்பது, அதை வைத்து அதிலிருந்து நெடுஞ்சாலைத் துறைக்கு மொண்டு கொடுக்கிறார்கள். 2024-25ல் அப்படிக் கொடுத்தது 20,000 கோடி ரூபாய்க்குச் சற்று மேல். பெட்ரோலுக்கு நம் மாநிலம் 2021 ஆகஸ்டில் நிர்ணயித்த கணக்கு 13 சதவீதம், அதோடு லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசு. இதில் இத்தனை காசு ரோட்டுக்கு என்று எங்கேயும் பிரித்து எழுதியிருக்காது.

ரோட்டுக்கென்றே தனியாக வாங்குவது மத்திய அரசின் செஸ், அதாவது ஒரு காரியத்தின் பேரைச் சொல்லி வாங்கும் கூடுதல் வரி. அதன் கதை பழையது. 1927ல் ஜெயகர் தலைமையில் ஒரு கமிட்டி போட்டார்கள். பெட்ரோலில் கொஞ்சம் வரி வைத்து அதைச் சாலைக்கே ஒதுக்குங்கள் என்று அது சொல்ல, 1929ல் மத்திய சாலை நிதி பிறந்தது. 2000ல் அதற்குத் தனிச் சட்டமே வந்தது. 2018ல் பெயரைச் 'சாலை மற்றும் உட்கட்டமைப்பு நிதி' என்று மாற்றி, செஸ்ஸை லிட்டருக்கு 8 ரூபாய் என்று வைத்தார்கள். 'உட்கட்டமைப்பு' என்று ஒரு வார்த்தையைச் சேர்த்ததும் அது சாலைக்கு மட்டுமான காசாக இல்லாமல் போய்விட்டது. இன்னொன்று, செஸ் என்று பெயர் வைத்து வாங்கினால் அதை மாநிலங்களோடு பங்கு பிரிக்க வேண்டியதில்லை, அரசியல் சட்டத்தின் 270ஆவது பிரிவு அப்படி. டோல்கேட்டில் ஓரமாகப் புகுந்து போகும்போது "நமக்கு டோல் கிடையாதுல்ல" என்று சிரிக்கிற இரு சக்கர வண்டிக்காரத் தம்பி, பங்க்கில் ஒவ்வொரு லிட்டருக்கும் அழுதுவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

எங்கள் அப்பத்தா ஒன்று சொல்லும், 'ஆனையைக் கொடுத்துட்டு அங்குசத்துக்குச் சண்டை போடுறதா'ன்னு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

இரண்டாவது சுங்கம். முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர். யோசித்துப் பாருங்கள், கங்கை வரை படை போன வம்சம், கடல் தாண்டி ஜெயித்த வம்சம், அதில் ஒருவனை மக்கள் ஞாபகம் வைத்திருப்பது வரியை எடுத்ததற்காக! (கைதட்டுங்கள், அண்ணாச்சி தட்டுகிறார் பாருங்கள், அவர் லாரி வைத்திருக்கிறார்.) இன்னொரு சங்கதி. வெள்ளைக்காரன் காலத்தில் உள்ளாட்சிகள் ரோட்டில் மூங்கிலைப் போட்டு வண்டிக்கு வண்டி காசு வாங்கின. மதராஸ் மாகாணத்தில் 1931ல் மோட்டார் வாகன வரிச் சட்டம் கொண்டு வந்தபோது, இனி வரி கட்டுங்கள், சுங்கம் வேண்டாம் என்றுதான் அந்த வரியே வந்தது. இன்றைக்கு வரியும் இருக்கிறது, சுங்கமும் இருக்கிறது. 2023 நவம்பரில் கார்களுக்கான வாழ்நாள் வரியை விலைக்குத் தக்க 12 சதவீதத்திலிருந்து 20 சதவீதம் வரை வைத்தார்கள். அந்தக் காரை ஷோரூமிலிருந்து எடுத்து வந்தால் முதல் டோல்கேட்டிலேயே மறுபடியும் 'டிக்' என்கிறது.

தேசிய நெடுஞ்சாலை டோலை வசூலிப்பது மத்திய அரசின் ஆணையம். அந்தக் காசு நம் மாநில அண்டாவுக்கு வராது. 2008 விதிப்படி ஒரே சாலையில் இரண்டு சாவடிக்கு நடுவே 60 கிலோமீட்டர் இருக்க வேண்டும், நகராட்சி எல்லைக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. ஆனால் விதியிலேயே விதிவிலக்கும் உண்டு. திருமங்கலம் நகராட்சிக்குப் பக்கத்திலேயே இருக்கிற கப்பலூர்ச் சாவடியை எதிர்த்து அந்த ஊர்க்காரர்கள் எத்தனை வருடமாகப் போராடுகிறார்கள் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் மாநில அரசும் டோல் வாங்கியது, சென்னையில் ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலையில். மெட்ரோ வேலை வந்ததும் 2021ல் நான்கு சாவடிகளை நிறுத்தினார்கள், 2023ல் நாவலூரையும் நிறுத்தினார்கள். நிறுத்த முடியும் என்பதற்குச் சொல்கிறேன்.

கடனைப் பற்றி, உலக வங்கி, நபார்டு என்கிற விவசாய, கிராம வளர்ச்சி வங்கி, அப்புறம் அரசு 40 சதவீதம் இப்போது, 60 சதவீதம் தவணையில் தரும் என்று ஒப்பந்தக்காரரே பாதிக்கு மேல் காசு போட்டுக் கட்டுகிற புதுமுறை, இதெல்லாம் இருக்கிறது. பேசுகிறேன். அதற்கு முன்னால் ஒரு கதை.

2005 ஐப்பசி. அந்த வருட மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ராத்திரி ஒன்பது மணிக்கு என் வீட்டுக்கு ஆள் வருகிறது, "ஆர்.ஐ. சார், ரோடு மேல தண்ணி போகுது, கல்யாண வேன் நிக்குது." குடையை எடுத்துக்கொண்டு டி.வி.எஸ். ஃபிப்டியில் போகிறேன். போனால் வேனில் பொண்ணு, பொண்ணோட அம்மா, சீர்வரிசை அண்டா, பத்துக் குழந்தைகள், ஒரு ஆடு. ஆடு எதற்கு என்று நான் கேட்கவில்லை. விடிந்தால் முகூர்த்தம். முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் ரோட்டைத் தாண்டி ஓடுகிறது, இந்தப் பக்கம் கரையை அரிக்கிற சத்தம் கேட்கிறது. டிரைவர் போகவா என்கிறான், பொண்ணோட அப்பா போப்பா என்கிறார், அம்மா போகாதே என்று அழுகிறார். நான் அரசாங்கம் மாதிரி நடுவில் நிற்கிறேன்.

அந்த இடத்தில் ஒரு சிறுபாலம் உண்டு. எனக்குத் தெரியும், ரெஜிஸ்டரில் இருக்கிறது. ஆனால் எங்கே இருக்கிறது? மூன்று வருடமாக யாரும் வெட்டாததால் சீமைக் கருவேலம் ரோட்டோரம் முழுக்கச் சுவர் மாதிரி. டார்ச் அடித்துத் தேடினால் முள்தான் தெரிகிறது. அப்போது ஒருத்தர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு மம்பட்டியோடு வந்தார். எங்கள் கேங்கில் இருந்தவர், மம்பட்டி மாமா என்றுதான் கூப்பிடுவோம். வேலை போன பிறகு செங்கல் சூளைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. புளியமரத்திலிருந்து எட்டு எட்டு வைத்து நடந்தார், நின்றார், முள்ளை வெட்டினார், குனிந்து நாலு போடு போட்டார். அடைத்திருந்த குப்பையும் மண்ணும் பிய்த்துக்கொண்டு போன சத்தம் இருக்கிறதே, அதை இன்னும் கேட்கிறேன். முக்கால் மணி நேரத்தில் தண்ணீர் வடிந்து வேன் போனது. பொண்ணோட அப்பா நூறு ரூபாய் நீட்டினார். மாமா வேண்டாம் என்று சொல்வார் என்று நான் பார்த்தேன். வாங்கி மடியில் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார், "சம்பளம் இல்லாத கவருமெண்டு வேலைக்கு இதுதான் சார் பஞ்சப்படி."

கரை அரித்துப் போன அந்த இடத்துக்குப் பிறகு நானே எஸ்டிமேட் எழுதினேன். அந்தத் தொகையில் மாமாவுக்குப் பத்து வருடம் சம்பளம் கொடுத்திருக்கலாம். ஆனையைக் கொடுத்துட்டு அங்குசத்துக்குச் சண்டை!

அவருக்கு ஏன் வேலை இல்லை? 1997ல் எடுத்த சாலைப் பணியாளர்கள் சுமார் 10,000 பேரை 2002 செப்டம்பரில் ஒரே உத்தரவில் வீட்டுக்கு அனுப்பினார்கள். 2006ல் திரும்ப எடுத்தார்கள். நடுவில் போன 41 மாதத்தைப் பணிக்காலமாகச் சேருங்கள் என்று அவர்கள் கேட்டு வருவதில் என்ன தப்பு? அந்த 41 மாதத்தில் சிலர் இறந்தே போனார்கள். நம் ஆட்கள் மொட்டை அடித்து, சங்கு ஊதி, எத்தனை வகைப் போராட்டம்!

இப்போது செயல்திறன் அடிப்படையில் ஐந்து வருடப் பராமரிப்பு ஒப்பந்தம் என்று ஒன்று பொள்ளாச்சியில் ஆரம்பித்துப் பல கோட்டங்களுக்குப் பரவிவிட்டது. குழியை இத்தனை நாளில் அடைக்காவிட்டால் அபராதம். நல்ல யோசனைதான், நான் மறுக்கவில்லை, சில இடங்களில் ரோடு நன்றாகவே இருக்கிறது. ஆனால் புளியமரத்திலிருந்து எத்தனை எட்டு என்று ஒப்பந்தக்காரரின் ஆளுக்கு யார் சொல்வது? காலியான பணியிடத்தில் ஆள் போடுங்கள் என்றால் நிதி நெருக்கடி என்கிறார்கள். புது நாலு வழிச்சாலைக்கு அடிக்கல் நாட்டும்போது அந்த நெருக்கடி எங்கே போகிறது என்று தெரியவில்லை. அங்குசம், ஐயா, அங்குசம்.

அக்கா மணியைப் பார்க்கிறார்கள். கடனைப் பற்றிப் பேசவில்லை, அது எப்படியும் தீராது, அடுத்த கூட்டத்துக்கும் இருக்கும். வாசல் பக்கத்து மேசையில் ஒரு மனு வைத்திருக்கிறோம். 41 மாதத்தைச் சேர்க்கவும் காலிப் பணியிடங்களை நிரப்பவும் கேட்டு முதலமைச்சருக்கு எழுதியது. அக்கா முதல் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள். மற்றவர்கள் வரிசையாக வாருங்கள், பேனா தலைமையாசிரியர் ஐயாவுடையது, போட்டுவிட்டு அங்கேயே வைத்துவிடுங்கள்.