காலியாக இல்லாத ஃபோல்டர்

நேயர்களுக்கு வணக்கம். மதுரை மாசி வீதிகளில் ஒரு சுங்குடிச் சேலைக் கடை, இணையத்திலும் விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ‘படங்கள்’ என்ற ஃபோல்டருக்குள் ஒவ்வொரு சேலைக்கும் அதன் எண்ணையே பெயராகக் கொண்ட ஒரு ஃபோல்டர். அதற்குள் முந்தானை, கரை, கட்டம் என்று படங்கள். சேலை விற்றதும் ஃபோல்டரை சர்வரிலிருந்து நீக்க வேண்டும்.

இணையதளங்கள் எழுதப் பயன்படும் பிஎச்பி நிரல்மொழியில் இதற்கு ‘ஆர்எம்டிர்’ என்ற கட்டளை இருக்கிறது. ஆனால் உள்ளே ஒரு கோப்பு இருந்தால்கூட அது நகராது, ‘டைரக்டரி நாட் எம்ப்டி’, அதாவது ஃபோல்டர் காலியாக இல்லை என்று நின்றுவிடும். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு எரிச்சல்தான். எனக்கு அது நல்ல காவல்காரன்.

சரி, உள்ளே இருப்பதை நாமே நீக்குவோம். அடியாழத்திலிருந்து மேலே வர வேண்டும்: முதலில் கோப்புகள், அப்புறம் உள் ஃபோல்டர், கடைசியாக வெளி ஃபோல்டர். கோப்புகளைத் தேடித் தரும் ‘க்ளாப்’ கட்டளையில் நட்சத்திரக் குறி போட்டுத் தேடினால், புள்ளியில் தொடங்கும் ‘.எச்டிஆக்சஸ்’ போன்ற கோப்பு கண்ணில் படாது. எல்லாம் போய்விட்டது என்று நினைப்போம், ஃபோல்டர் அசையாது. ஃபோல்டருக்குள் இருப்பதைப் பட்டியலிடும் ‘ஸ்கேன்டிர்’ அதையும் காட்டும். கூடவே ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளி இரண்டையும் தரும். ஒற்றைப் புள்ளி என்றால் அதே ஃபோல்டர், இரட்டைப் புள்ளி என்றால் மேல் ஃபோல்டர். இரண்டையும் தவிர்க்கச் சொல்லாவிட்டால் நிரல் மேலே ஏறிப் பக்கத்துச் சேலைகளிலும் கை வைக்கும்.

சிம்லிங்க், அதாவது வேறோர் இடத்தைச் சுட்டும் இணைப்பு, இதைவிடப் பொல்லாதது. கடையின் பொதுப் படங்களுக்குச் சேலை ஃபோல்டருக்குள் ஓர் இணைப்பு இருந்தால், ஃபோல்டரா என்று சோதிக்கும் ‘இஸ்டிர்’ அதையும் ஃபோல்டர் என்றே சொல்லும். உள்ளே புகுந்தால் பொதுப் படங்கள் காலி. அதனால் இது இணைப்பா என்று கேட்கும் ‘இஸ்லிங்க்’ கேள்வியை முதலில் கேட்டு, இணைப்பை மட்டும் ‘அன்லிங்க்’ கட்டளையால் நீக்குங்கள்.

பைத்தான் நிரல்மொழியில் ஃபோல்டரை உள்ளிருப்பவற்றோடு நீக்கும் ‘ஷடில் ஆர்எம்ட்ரீ’, உள்ளே இருக்கும் இணைப்புகளைத் தொடர்ந்து போகாது. ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் நோட்ஜேஎஸ்-இல் இதே வேலைக்கு 14.14 பதிப்பிலிருந்து ‘எஃப்எஸ் ஆர்எம்’ வந்துவிட்டது. அவை கிடைக்கிற இடத்தில் சொந்தமாக எழுதுவது வீண் வேலை.

எதில் எழுதினாலும் சேலை எண் காலியாக வருகிற நாளை நினைத்துப் பாருங்கள். ‘படங்கள்’ ஃபோல்டரின் பெயரோடு ஒன்றும் சேராமல், நீக்கும் கட்டளை அதன் மேலேயே பாயும். எண் வந்திருக்கிறதா, முழுப் பாதையும் ‘படங்கள்’ ஃபோல்டருக்குள்தான் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையை வைக்க வேண்டும்.

நான் என்றால் உடனே நீக்கவே மாட்டேன். அதே டிஸ்க்கில் ‘குப்பை’ என்று ஒரு ஃபோல்டர் வைத்து, ‘ரீநேம்’ கட்டளையால் சேலை ஃபோல்டரை அதற்குள் நகர்த்திவிடுவேன். அது நொடியில் முடியும். இரவில், குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலை பழையவற்றை மட்டும் கூட்டித் தள்ளட்டும். “தம்பி, அந்த மெரூன் சேலையைத் திருப்பி அனுப்பிட்டாங்கப்பா, மறுபடி ஏத்திவிடு” என்று மறுநாள் கடைக்கார அண்ணாச்சி கூப்பிட்டால், இன்னொரு ‘ரீநேம்’ போதும்.